அல் கூத்தில் ஒரு வீடு

மஸ்கட்டில் எந்த இடத்தில் குடியிருப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று சகாய ஆண்டனி சபதம் எடுத்தான். சத்தமாகத்தான் எடுத்தான். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு எடுத்தபடியால் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை.

வயது முப்பத்தொன்பது. காரைக்குடியை ஒட்டி, தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாகத் தரப் பரிசோதகர். ஒரு நாளைக்கு நானூறு குழாய்க்கு 'சரி', 'சரியில்லை' என்று முத்திரை குத்துகிற கை. வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் கைக்குக் காய்கறிப் பையைத் தூக்கும் உரிமை மட்டும் உண்டு. செக்காலையில் அவன் குடியிருந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது மாமியார் அருளம்மாள். தன் வீட்டிலிருந்து மூன்றாவது வாசலாகப் பார்த்துப் பிடித்தார். சுவருக்கு வெளிர் பச்சை என்று சொன்னது மனைவி மரிய அனிதா. மோட்டார் சைக்கிள் வேண்டாம், ஸ்கூட்டர் போதும் என்று தீர்ப்புச் சொன்னது மச்சான் சூசைமரியான், அதுவும் மஸ்கட்டில் இருந்தபடி போனில். ஆண்டனியிடம் அந்த வீட்டில் கடைசியாகக் கேட்கப்பட்ட கேள்வி, இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பது. அவன் யோசித்து முடிப்பதற்குள் சட்னி வந்துவிட்டது.

அப்படிப்பட்டவனுக்கு மஸ்கட் பக்கத்தில், ருசைல் தொழிற்பேட்டையில் ஒரு குழாய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வரலாம், வீட்டை நீங்களே பார்த்துக் கொள்ளலாம், வாடகை கம்பெனி கொடுக்கும் என்று கடிதம் வந்தது. 'நீங்களே' என்ற சொல்லை ஆண்டனி நாலு தடவை வாசித்தான். யாரோ தன்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது நெஞ்சு விம்மியது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சூசைமரியான் பதினெட்டு வருடமாக மஸ்கட்டில், ரூவி என்ற பகுதியில் இருக்கிறார். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் காரைக்குடி வருவார். வந்ததும் ஆண்டனியின் ஸ்கூட்டரில் காற்று இல்லை, கேஸ் அடுப்பில் தீ மஞ்சளாக எரிகிறது, ஆண்டனி சட்டையை உள்ளே விடுகிற விதம் சரியில்லை என்று மூன்று குறை கண்டுபிடிப்பார். மூன்றையும் சரி செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுவார். மூன்றாவதைத் தன் கையாலேயே சரி செய்வார். அந்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டு மாதமாக நினைத்துப் பார்த்த பிறகுதான் ஆண்டனி குளியலறைக்குப் போய்ச் சபதம் எடுத்தான்.

ரூவிக்கு எதிராக அவன் கண்டுபிடித்த ஊர் அல் கூத். ருசைலுக்குக் கால் மணி நேரம். ரூவியிலிருந்து முக்கால் மணி நேரம். போனில் வரைபடத்தைத் திறந்து, மச்சானுக்கும் தனக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அளந்தான். இரண்டு கட்டைவிரல் தூரம் வந்தது. போதும் என்று பட்டது.

அனிதாவிடம் வாயால் பேசி ஜெயிக்க முடியாது என்பது தெரிந்த விஷயம். எனவே தொழில்முறையில் இறங்கினான். கம்பெனியில் குழாய்க்குப் போடுகிற மாதிரியே ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்து, கோடெல்லாம் போட்டு, அச்செடுத்துக் கொண்டு வந்து நீட்டினான். அனிதா நர்சரிப் பள்ளி ஆசிரியை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கையில் சிவப்புப் பேனா தானாக வந்துவிடும்.

"இது என்னங்க?"

"இடத் தேர்வு ஆய்வறிக்கை. நீயே பாரு. நான் எதுவும் சொல்லல."

"அல் கூத்துக்குத் தொண்ணூத்திரண்டு. ரூவிக்கு நாப்பத்தொண்ணு. சரி. இதுல சுற்றுப்புற இரைச்சல்னு ஒண்ணு போட்டு, ரூவிக்கு முப்பதுக்கு ரெண்டு குடுத்திருக்கீக. அம்புட்டு இரைச்சலா அங்க?"

"பஜாரு ஏரியால்ல. வண்டி, ஹார்ன் எல்லாம் இருக்கும்."

"எங்க அண்ணனும் அதுல சேத்தியா?"

"சுற்றுப்புறம்னா எல்லாந்தான் அனிதா."

"கடைக்கு நடந்து போறதுக்கு மார்க்கே போடல. கோயிலுக்கு நடந்து போறதுக்கும் போடல."

"அதான் கார் வாங்கப் போறோம்ல."

"அந்தக் காரை எடுத்துக்கிட்டு நீங்க காலையில ஆறரைக்குப் போயிருவீக. வாரது சாயங்காலம் ஆறுக்கு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அரபி தெரியுமா? அந்த வெயில்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்குட்டுப் போறது? சன்னல்ல நின்னுக்கிட்டு பாலைவனத்த எண்ணணுமா?"

"பாலைவனத்த எண்ண முடியாது அனிதா."

"அதத்தான நானும் சொல்றேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ஆண்டனிக்கு எரிச்சலாக வந்தது. வீடு, சுவர், ஸ்கூட்டர் எல்லாம் அவர்கள் பக்கம் போனது போக, நியாயமும் அவர்கள் பக்கமே போய் உட்கார்ந்து கொண்டால் மனிதன் என்னதான் செய்வான்? அனிதா பட்டியலை மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை பார்த்தாள். "கூட்டல் தப்பு. ரூவிக்கு நாப்பத்தி நாலு வருது" என்று திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் இழுபறி நடந்தது. ஆண்டனி அல் கூத்தில் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டை வீடியோவில் காட்டினான். துணி எங்கே காயப் போடுவது என்று அனிதா கேட்டாள். அவன் பால்கனியைக் காட்டினான். மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். வீடியோவில் மீன் இல்லை. இதற்கிடையில் அருளம்மாள் தாமாக ஒரு யோசனையோடு வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை, எதுக்கு இம்புட்டுக் கொழப்பம்? நீங்க மட்டும் போங்க. கம்பெனியில ஆறு பேரு தங்குற ரூமு குடுப்பாகளாம்ல. பேச்சுத் துணையும் ஆச்சு. அனிதாவும் பிள்ளையும் இங்குட்டு என் கூடவே இருக்கட்டும்."

ஆண்டனிக்கு ஆறு பேரின் குறட்டையும் காதில் கேட்டுவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் அனிதா முந்திக்கொண்டாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா எப்படிம்மா? மாதா முன்னாடி சீட்டுப் போட்ருவோம்."

அருளம்மாள் குடும்பத்தில் பெரிய முடிவு எதையும் மனிதர்கள் எடுப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கொரு யோசனையைச் சீட்டில் எழுதி, சுருட்டி, வெண்கலக் கிண்ணத்தில் போட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் வைப்பார்கள். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்ததும், வீட்டில் இளையவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுக்க வேண்டும். வந்ததற்கு மறுபேச்சு கிடையாது. ஆண்டனியின் மகளுக்கு ஜெரினா என்று பெயர் வந்தது சீட்டில்தான். அவளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று வந்ததும் சீட்டில்தான். மாமியார் வீட்டில் போர் போட எந்த மூலை என்பதற்கும் சீட்டுதான். இருநூற்றைம்பது அடியில் தண்ணீர் வரவில்லை. அதற்காக மாதாவை யாரும் குறை சொன்னதில்லை, போர் வண்டிக்காரனைத்தான் திட்டினார்கள்.

"சீட்டை யாரு எழுதுறது?" என்று கேட்டார் அருளம்மாள்.

"அவுகளே எழுதட்டும்மா. அவுக கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்" என்றாள் அனிதா.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஆண்டனியிடம் அவள் பாராட்டிய முதல் அம்சம் அது. சூதானமான ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். ஆண்டனி தன் கையெழுத்தைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

கம்பெனியில் அவனுடைய கூட்டாளி செம்மலை, குழாய்களை அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் பொறுப்பாளன். டீக்கடையில் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் ஆண்டனியை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"மூணு சீட்டையும் நீதான எழுதப் போற?"

"ஆமா."

"மூணுலயும் அல் கூத்னு எழுதிட்டுப் போவியா, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க."

"மாதா முன்னாடி போர்ஜரி பண்ணச் சொல்றியாடா?"

"ஒரு லோடுக்கு மூணு குழாயை உருவிச் சோதிக்கிறேல்ல. மூணுமே நல்ல குழாயா இருந்தா உனக்குச் சந்தோசம்தான? அது மாதிரிதான் இதுவும். உங்க மாதாவுக்கும் வேலை மிச்சம்."

இந்த விளக்கம் ஆண்டனிக்குப் பிடித்துப் போனது. ஆபீசிலேயே ஸ்கேல் வைத்து மூன்று துண்டு ஒரே அளவில் கிழித்து, மூன்றிலும் முத்து முத்தாக 'அல் கூத்' என்று எழுதினான். பெரிய பாவம்தான். ஆனாலும் வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு வீட்டை, தான் நினைத்த இடத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. "தாயே, உன் முடிவுல நான் தலையிடல. உனக்குச் சிரமம் இல்லாமப் பாத்துக்கிறேன்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆண்டனி வீட்டில் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஜெபமாலை முடிந்தது. எல்.கே.ஜி. படிக்கிற ஜெரினா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிண்ணத்துக்குள் கையை விட்டாள். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்பதால் ஆண்டனி மட்டும் நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் கொஞ்சம் கவலையைக் காட்டினால் நன்றாயிருக்கும் என்று தோன்றி, அதையும் வரவழைத்துக் கொண்டான்.

"நீ வாசி அனிதா, என் கண்ணாடி வீட்டுல கெடக்கு" என்றார் அருளம்மாள்.

அனிதா பிள்ளை கையிலிருந்த சீட்டை வாங்கிப் பிரித்தாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டாள்.

"ரூவி" என்றாள்.

கட்டியிருந்த கையை ஆண்டனி இறக்கினான். மூன்றிலும் எழுதியது அவன் கை. ரூவி என்ற சொல்லை அந்தப் பேனா தொடக்கூட இல்லை. அப்படியென்றால் இது என்ன? தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய மகனின் தாய்க்கு, அல் கூத்தை ரூவியாக்குவது ஒரு பெரிய காரியமா? ஆண்டனி சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தான். மாதா அவனையே பார்ப்பது போல இருந்தது. கால் தானாக மடங்கி, பொத்தென்று முழங்காலில் விழுந்தான்.

"மாப்பிள்ளைக்கு எம்புட்டுப் பக்தி பாத்தியா" என்று அருளம்மாள் நெகிழ்ந்து போனார்.

"ஏங்க, மத்த ரெண்டையும் பிரிச்சு வாசிக்கட்டுமா? உங்க மனசுக்கும் ஒரு திருப்தியா இருக்கும்ல" என்று கேட்டபடி அனிதா கிண்ணத்தின் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினாள்.

முழங்காலில் இருந்தபடியே ஆண்டனி பாய்ந்தான். இரண்டு சீட்டும் அவன் சட்டைப் பைக்குள் போயின.

"வேணாம் அனிதா. மாதா சொன்னதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் அனிதா. வந்த சீட்டை மடித்து, பைபிளுக்குள் பத்திரமாக வைத்தாள்.

ஆண்டனி மறுபடியும் குளியலறைக்குப் போனான். பையிலிருந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தான். அல் கூத், அல் கூத். ஆக, பிள்ளை எடுத்த சீட்டில் மட்டும் அற்புதம் நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் வழக்கமாகப் பிரசங்க நேரத்தில் கண்ணயர்கிறவன், அன்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தான். திங்கள்கிழமை வரை யாரிடமும் எரிந்து பேசவில்லை. செவ்வாய்க்கிழமை அனிதா பள்ளிக்குப் போன பிறகு, அற்புதச் சீட்டை ஒரு தடவை தொட்டுக் கும்பிடலாம் என்ற எண்ணத்தில் பைபிளைத் திறந்தான்.

சீட்டில் அவன் கையெழுத்தில் முத்து முத்தாக 'அல் கூத்' என்று இருந்தது. அற்புதம் காகிதத்தில் நடக்கவில்லை. வாசித்த வாயில் நடந்திருக்கிறது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், மூன்றாவது வாசலுக்குக் கிளம்பிவிட்டான். மாமியாரிடம் நியாயம் கேட்க வேண்டும், மகள் செய்த காரியத்தைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாசலில் கால் நின்றது. அப்ப மத்த ரெண்டு சீட்டுலயும் என்ன இருந்துச்சு மாப்பிள்ளை என்று அவர் கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். ஆண்டனி வந்த வழியே திரும்பி, சீட்டை இருந்த பக்கத்திலேயே வைத்து, பைபிளை மூடினான்.

"நீ என்னன்னு போயிச் சொல்லுவ?" என்று செம்மலையும் டீக்கடையில் கைவிரித்துவிட்டான். "நான் குடுத்த கள்ள நோட்டுக்கு அவன் கள்ளச் சில்லறை குடுத்துட்டான்னு போலீஸ்ல போயி அழுவியா?"

அதற்குள் ரூவியிலிருந்து சூசைமரியானே கூப்பிட்டுவிட்டார்.

"மாப்ள, சீட்டு விவரமெல்லாம் அம்மா சொல்லுச்சு. வீட்டப் பத்தி இனிமே நீங்க கவலையே பட வேணாம். என் வீட்டுக்கு நேர் மேல ஒரு வீடு காலியாகுது. சொல்லி வச்சாச்சு. நீங்க நடக்குற சத்தத்த வச்சே என்ன பண்றீகன்னு எனக்குக் கீழ தெரிஞ்சுரும்."

"ரொம்ப சந்தோசம் மச்சான்" என்றான் ஆண்டனி.

அவன் முதலில் போக வேண்டும், மூன்று மாதம் கழித்து அனிதாவும் ஜெரினாவும் வர வேண்டும் என்று ஏற்பாடு. கிளம்புகிற அன்று மத்தியானம் பெட்டி மூட மறுத்தது. உள்ளே மச்சானுக்கென்று அருளம்மாள் கொடுத்த முறுக்கு, சீடை, ஊறுகாய், கருவாடு எல்லாம் போக மிச்ச இடத்தில் ஆண்டனியின் சட்டைகள் இருந்தன. அனிதா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். ஆண்டனி தரையில் குத்தவைத்து ஜிப்பை இழுத்தான். பாதி வந்ததும் மனசு கேட்கவில்லை.

"அனிதா, ஒண்ணு கேப்பேன். கோவிக்கக் கூடாது."

"பைபிள்ல இருந்த சீட்டு விசயமா?"

ஜிப் கையிலிருந்து நழுவியது.

"நான் பாத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"எடுத்த பக்கத்துல சரியா வச்சீக. தலைகீழா வச்சுட்டீக."

"அப்ப நீ மாதா முன்னாடி பொய்தான வாசிச்ச?"

"நீங்க மாதா முன்னாடி பொய்தான எழுதுனீக."

ஆண்டனி நழுவிய ஜிப்பை மறுபடி தேடிப் பிடித்தான். அனிதாவே தொடர்ந்தாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியார் பத்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னாரு. உங்களுக்கும் சேத்து இருபதாச் சொல்லிப்புட்டேன். நீங்க வேற போயி அவருகிட்ட உளறி வைக்க வேணாம்."

நன்றி என்று சொல்ல வாயெடுத்து, கடைசி நேரத்தில் ஆண்டனி சுதாரித்துக் கொண்டான்.

"கோவமா இருக்கீகளா?" என்று கேட்டாள் அனிதா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எனக்கு அங்க பயமாத்தாங்க இருக்கு. தெரியாத ஊரு. நீங்க வேலைக்குப் போனதுக்கப்புறம் நானும் பிள்ளையும் நாலு சுவத்துக்குள்ள கெடந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும். எறங்குனா கடை, எட்டிப் பாத்தா கோயிலு, ஒரு ஆத்திர அவசரத்துக்கு அண்ணன். அவ்வளவுதான் கேட்டேன்."

ஆண்டனிக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பட்டியலில் பயம் என்று ஒரு தலைப்புப் போட அவனுக்குத் தோன்றவே இல்லை. ரூவியிலிருந்து வேலைக்குத் தினமும் முக்கால் மணி நேரம் போக, முக்கால் மணி நேரம் வர என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மச்சான் இல்லாத ஒன்றரை மணி நேரம் அது என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"மூணுலயும் ஒண்ணத்தான் எழுதுவேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

அனிதா முந்தானை நுனியைத் திருகினாள். எட்டு வருடத்தில் அவள் வெட்கப்பட்டு அவன் பார்த்ததில்லை.

"நானும் அப்படி எழுதியிருக்கேன்ல."

"நீயா? எப்ப?"

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு மூணு வரன் வந்துச்சு. நேமத்தான்பட்டி வாத்தியாரு ஒருத்தரு, தேவகோட்டையில பேங்க்ல இருந்தவரு ஒருத்தரு, அப்புறம் நீங்க. அம்மா சீட்டுப் போடணும்னுச்சு. எழுதுனது நானு. மூணுலயும் உங்க பேரத்தான் எழுதுனேன்."

ஆண்டனி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அல் கூத் மறந்தது. கீழ்வீட்டு மச்சான் மறந்தார். மாதா முன்னால், பாவத்துக்குக்கூடப் பயப்படாமல், ஒரு பெண் அவனை மூன்று தடவை எழுதியிருக்கிறாள். வாத்தியாரைத் தள்ளிவிட்டு எழுதியிருக்கிறாள். பேங்க்காரரைத் தள்ளிவிட்டு எழுதியிருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

"அவுக ரெண்டு பேரையும் விட்டுட்டு என்னைய எழுதுனியா? ஏன் அனிதா?"

"விசாரிச்சுப் பாத்தேன். அவுக ரெண்டு பேரும் எதையும் சொந்தமா முடிவு பண்ற ஆளுகளாம்" என்றாள் அனிதா. "ம், அந்த ஜிப்பை இழுங்க."